ராகு காலத்தில் போட்ட வேட்புமனு: ஒரு சுயேச்சைக்கு முகவராக இருந்த அனுபவம்

2024 மக்களவைத் தேர்தலில் எங்கள் கண்மாய்ப் பாதுகாப்புக் குழுவிலிருந்து ஓர் அண்ணன் சுயேச்சையாக நின்றார். அவருக்குத் தேர்தல் முகவர் நான். ஜெயித்து டெல்லிக்குப் போவோம் என்ற கனவெல்லாம் எங்களுக்கு இல்லை. வேட்பாளர் என்ற பெயரோடு போய் நின்றால் கண்மாய் ஆக்கிரமிப்பைப் பற்றி நாலு பேர் காதுகொடுத்துக் கேட்பார்கள், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் மனுவே தள்ளுபடியாகிவிட்டால் அந்த நாலு பேரும் சிரிப்பார்கள். அதனால் பிரச்சாரத்தை மற்றவர்களிடம் விட்டுவிட்டுக் காகித வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

அரசியலமைப்புச் சட்டத்தைப் புரட்டினால் ஆச்சரியமாக இருக்கும். மக்களவைக்கு நிற்க அது கேட்பது ரொம்பக் கொஞ்சம். 84ஆவது பிரிவின்படி இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 25 வயது ஆகியிருக்க வேண்டும் (மாநிலங்களவை என்றால் 30), மூன்றாம் அட்டவணையில் உள்ளபடி உறுதிமொழி எடுக்க வேண்டும். படிப்பு கேட்கவில்லை, சொத்து கேட்கவில்லை. நாடாளுமன்றம் சட்டம் போட்டு விதிக்கும் மற்ற தகுதிகளும் வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அந்த வரி வழியாகத்தான் உள்ளே வருகிறது. நம்மைப் படுத்துவதெல்லாம் அதுவும் அதன் கீழ் வந்த விதிகளும் படிவங்களும்தான்.

முதலில் நிற்பதாக இருந்தவர் அண்ணன் இல்லை. குழுவில் இருந்த ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர். பேச்சில் அண்ணனைவிடக் கெட்டிக்காரர். ஆனால் அரசியலமைப்பின் 102ஆவது பிரிவு குறுக்கே நின்றது. மத்திய அரசோ மாநில அரசோ, அதன் கீழ் ஆதாயம் தரும் பதவியில் இருப்பவர் எம்.பி. ஆக முடியாது. ராஜினாமா செய்து, அது ஏற்கப்பட்ட பிறகுதான் மனுப் போட முடியும். “பென்ஷனை யார் தருவா, கண்மாயா?” என்று அவர் வீட்டில் கேட்டார்கள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அண்ணனுக்கு அந்தச் சிக்கல் இல்லை, வேறு ஒன்று இருந்தது. அவருடைய ஓட்டு பக்கத்துத் தொகுதியில். மக்களவைக்கு இது தடை இல்லை. நாட்டில் எந்த மக்களவைத் தொகுதியில் வாக்காளராக இருந்தாலும் போதும். ஆனால் அவர் பெயர் உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகலை மனுவோடு கொடுக்க வேண்டும். தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கினோம். தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. அந்த முறை மார்ச் 16ஆம் தேதி தேர்தல் தேதிகளை அறிவித்தார்கள், 20ஆம் தேதி மனுத் தாக்கல் தொடங்கிவிட்டது. தமிழ்நாடு முதல் கட்டத்தில் மாட்டியதால் மூச்சுவிட நேரமில்லை.

அடுத்தது முன்மொழிபவர்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர். பத்துப் பேரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் வருகின்றன; அந்த ஆறில் எங்கிருந்தும் ஆள் எடுக்கலாம். ஒவ்வொருவருக்கும் சட்டமன்றத் தொகுதி, பாகம் எண், வரிசை எண் எழுத வேண்டும். பழைய பூத் சிலிப்பில் உள்ள எண்ணை நம்பக் கூடாது. ஜனவரியில் வெளியான இறுதிப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தேடினேன்.

எண்ணைவிடப் பெரிய பயம் கையெழுத்து. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு எப்படித் தள்ளுபடியானது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். முன்மொழிந்தவர்களில் இருவர் அது எங்கள் கையெழுத்தே இல்லை என்றார்கள், கதை முடிந்தது. நாங்கள் இரண்டு செட் மனுப் போட்டோம், செட்டுக்கு வேறு வேறு பத்துப் பேர். ஒரு வேட்பாளர் ஒரு தொகுதியில் நாலு செட் வரை போடலாம்; டெபாசிட் ஒருமுறை கட்டினால் போதும். எல்லோரும் என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார்கள். கைநாட்டு வைப்பவர் என்றால் தேர்தல் நடத்தும் அலுவலர் அல்லது தேர்தல் ஆணையம் குறிப்பிட்ட அதிகாரி முன்னிலையில் வைக்க வேண்டும். எங்கள் பட்டியலில் இருந்த ஒரு பாட்டியை அதற்காகவே விட்டுவிட்டோம். பாட்டிக்கு இன்னமும் வருத்தம்.

இந்தப் பத்துப் பேர் விதி எனக்குப் பிடிக்கிறது என்றால் சக சுயேச்சைகள் அடிக்க வருவார்கள். ஆனால் 1996இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1033 பேர் நின்றதையும், வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அடித்ததையும் நினைத்துப் பாருங்கள். அந்த வருஷம்தான் சட்டத்தைத் திருத்திச் சுயேச்சைக்குப் பத்து முன்மொழிபவர் என்று ஆக்கினார்கள். மக்களவை டெபாசிட்டையும் 500 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கினார்கள். இப்போது 25,000, பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. பணம் புரட்டுவது யாருக்கும் முடியும். குழுவைத் தாண்டி, ஊர் ஊராகப் போய், “உங்கள் பெயரைக் கலெக்டர் ஆபீஸ் பலகையில் ஒட்டுவார்கள், பரவாயில்லையா?” என்று கேட்டுச் சம்மதம் வாங்குவதில்தான் நமக்கு ஆள் இருக்கிறதா என்று தெரிகிறது. கட்சிக்காரருக்கு மட்டும் ஏன் ஒருவர் போதும் என்பது தனி வழக்கு, அதில் நானும் அடிக்க வருகிறவர்கள் பக்கம்தான்.

படிவம் 26 என்கிற பிரமாணப் பத்திரம்தான் வீட்டுக்குள் புயலைக் கிளப்பியது. வேட்பாளர், மனைவி, சார்ந்திருப்பவர்கள் எல்லோருடைய சொத்து, கடன், ஐந்து வருஷ வருமான வரிக் கணக்கு, வழக்கு விவரம், படிப்பு, சமூக ஊடகக் கணக்குகள் உட்பட எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டு, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை வாங்க வேண்டும். நகைக்கு எடையும் மதிப்பும் எழுத வேண்டும். மதினியிடம் கேட்டேன்.

“பதினோரு பவுன். அதுல நாலு கூட்டுறவு பேங்க்ல அடகு. ஏன் தம்பி, ஊருக்கே தெரியுற மாதிரி போடணுமா?”

“ஆமா மதினி, இணையத்துலயே போடுவாங்க.”

“அப்ப அடகையும் சேர்த்துப் போட்டுடுங்க. கல்யாணத்துக்குக் கடன் கேட்டு ஒருத்தரும் வரமாட்டாங்க.”

பதினோரு பவுனை 88 கிராமாகச் சொத்துப் பக்கத்திலும், நகைக் கடனைக் கடன் பக்கத்திலும் எழுதினேன். இதில் ஒரு விஷயம் முக்கியம். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது, கோடும் போடக் கூடாது. ‘இல்லை’, ‘பொருந்தாது’ என்று எழுத்தில் எழுத வேண்டும். 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. காலியிடம் இருந்தால் அலுவலர் நோட்டீஸ் கொடுப்பார். பரிசீலனை தொடங்குவதற்குள் முழுசாகப் பூர்த்தி செய்த புதுப் பத்திரம் கொடுக்கவில்லை என்றால் மனு போய்விடும்.

தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும், மனுப் போடுவதற்கு ஒரு நாளாவது முன்னால் திறந்திருக்க வேண்டும். நாங்கள் போன கிளையில், “எலெக்‌ஷன் முடிஞ்சதும் மூடிடுவீங்க, எதுக்கு சார் எங்களுக்கு வேலை வைக்கிறீங்க?” என்றார்கள். ஆணையத்தின் அறிவுரையை அச்செடுத்து மேஜையில் வைத்த பிறகுதான் விண்ணப்பத்தையே எடுத்தார்கள்.

மனுத் தாக்கல் காலை 11 மணி முதல் மாலை 3 மணி வரை. மார்ச் 27 கடைசி நாள். நடுவில் நாலாவது சனியும் ஞாயிறும் விடுமுறை. 25ஆம் தேதி பங்குனி உத்திரம், அன்றைக்குக் கூட்டம் அள்ளும் என்று தெரியும். நாங்கள் தேர்ந்தெடுத்தது 22ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை 11 மணி. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம், பெரிய கட்சிக்காரர் ஒருவரும் எட்டிப்பார்க்க மாட்டார். அண்ணனின் அம்மாவிடம் மட்டும் நேரத்தைச் சொல்லவில்லை.

கலெக்டர் அலுவலகத்துக்கு நூறு மீட்டர் முன்னால் சாலையில் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். அதைத் தாண்டி வேட்பாளரோடு நாலு பேர்தான் போகலாம். உள்ளே ராகு காலத்துக்கு அஞ்சாத இன்னொரு சுயேச்சை டெபாசிட்டைப் பத்து ரூபாய் நாணயமாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தார். எழுத்தர்கள் நூறு நூறாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும், 500 ரூபாய்த் தாளாகக் கொண்டுபோன எங்களுக்குத் தனி மரியாதை கிடைக்கும் என்று புரிந்தது. கிடைத்தது. ஒரு துணை தாசில்தார் சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாக டிக் அடித்து, ஒரு நகல் எங்களிடம் கொடுத்தார்.

சரி, மனுக் கொடுத்தாயிற்று என்று அப்படியே கிளம்பிவிடக் கூடாது. உறுதிமொழி இருக்கிறது. மனுக் கொடுத்த பிறகுதான் எடுக்க முடியும், ஏனென்றால் வாசகமே வேட்பாளராக நியமிக்கப்பட்டுள்ள நான் என்று தொடங்குகிறது. பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்தாக வேண்டும். பரிசீலனை அன்று காலையில் போய் நின்றால் செல்லாது. கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். அண்ணன் உளமார உறுதி கூறினார். அரசியலமைப்பின்மீது உண்மையான நம்பிக்கையும் பற்றும் வைப்பேன், நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்பதுதான் சாரம். வேட்பாளரே இப்படி உறுதி கூற வேண்டும் என்பது 1963இல் 16ஆவது திருத்தத்தில் வந்தது. அதன் பின்னணியில் இருந்தது நம்ம ஊர் திராவிட நாடு கோரிக்கை; அந்த வருஷம்தான் தி.மு.க.வும் அதைக் கைவிட்டது. கலெக்டர் முன்னால் நின்று அண்ணன் வாசித்தபோது எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. உறுதிமொழி எடுத்ததற்குச் சான்று தருவார்கள், பத்திரம்.

28ஆம் தேதி பரிசீலனை. வேட்பாளர், முகவர், ஒரு முன்மொழிபவர், எழுத்தில் அனுமதி பெற்ற இன்னொருவர், இவ்வளவு பேருக்குத்தான் இடம். முந்தைய நாள் மூன்று மணிக்கு ஓடிவந்து மனுக் கொடுத்த ஒருவர் உறுதிமொழி எடுக்காமலே போயிருந்தார், மனு நிராகரிக்கப்பட்டது. இன்னொருவருக்குப் பத்துக் கையெழுத்தில் ஒன்று பக்கத்துத் தொகுதி வாக்காளருடையது. எங்கள் முறை வந்தபோது ஒரு வேட்பாளரின் வழக்கறிஞர் எழுந்தார். எங்கள் முன்மொழிபவர் ஒருவர் பட்டியலில் ‘முத்துலெட்சுமி’, மனுவில் ‘முத்துலட்சுமி’. ஆளே வேறு என்றார். பெயரில் உள்ள எழுத்துப் பிழைக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 33ஆவது பிரிவின் நாலாவது உட்பிரிவு சொல்கிறது, முக்கியத்துவம் இல்லாத குறைக்காகத் தள்ளாதே என்று 36ஆவது பிரிவும் சொல்கிறது. இரண்டையும் அச்செடுத்து வைத்திருந்தேன். அலுவலர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “எங்க அம்மா பேர்லயும் லெட்சுமிதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

30ஆம் தேதி மூன்று மணி வரை வாபஸ் வாங்கலாம். அதற்குள் உறவுமுறை சொல்லிக்கொண்டு நிறையப் பேர் போன் செய்தார்கள். அண்ணன் போனை அணைத்துவிட்டார். மூன்று மணிக்கு மேல் சின்னம். பொதுச் சின்னங்களில் மூன்றை விருப்ப வரிசையில் மனுவிலேயே எழுதியிருப்போம். ஒரே சின்னத்தை இரண்டு பேர் கேட்டால் குலுக்கல். கேஸ் சிலிண்டர் குலுக்கலில் போய், இரண்டாவதாகக் கேட்ட தையல் இயந்திரம் கிடைத்தது. கிராமத்துப் பெண்களிடம் சிலிண்டரைவிட அதுதான் நன்றாக எடுபட்டது. கரூரில் அந்த முறை 54 பேர் களத்தில் நின்றதால் நோட்டாவோடு சேர்த்து நாலு வாக்குப்பதிவு இயந்திரம் வைக்க வேண்டியிருந்தது. நம் சின்னம் எத்தனையாவது இயந்திரத்தில் என்று சொல்லிக்கொடுப்பதே அங்கே ஒரு பிரச்சாரமாக இருந்திருக்கும்.

ஜூன் 4ஆம் தேதி டெபாசிட் போனது. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் திரும்பக் கிடைக்கும், அந்தக் கனவே எங்களுக்கு இல்லை. ஆனால் வேலை அன்றோடு முடியவில்லை. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவின்கீழ் மூன்று வருஷம் எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாதபடி ஆணையம் தகுதிநீக்கம் செய்யலாம். கணக்குப் பதிவேட்டில் வெள்ளைப் பக்கம் அன்றாடச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. தமிழ்நாட்டில் உச்சவரம்பு 95 லட்சம். எங்கள் செலவு ஒன்றரை லட்சத்தைத் தொடவில்லை. அதற்காகக் கெடுபிடி குறையாது. பிரச்சார காலத்திலேயே மூன்று முறை பதிவேட்டைப் பார்வைக்குக் கொண்டுபோக வேண்டும். நண்பர் சும்மா கொடுத்த காருக்கும் மாவட்ட விலைப்பட்டியலில் உள்ள வாடகையைப் போட்டுச் செலவாகக் காட்ட வேண்டும். டீக்கும் நாற்காலிக்கும்கூட அந்தப் பட்டியலில் விலை உண்டு. ஒருவருக்கு மொத்தம் 10,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரொக்கம் கூடாது. போஸ்டர் அடித்த அச்சகத்துக்குக் காசோலை கொடுத்தபோது, “சுயேச்சைகிட்ட செக் வாங்குறது இதுதான் முதல் தடவை” என்றார் உரிமையாளர். பணம் கணக்கில் ஏறிய பிறகே மீதிப் போஸ்டரைக் கொடுத்தார்.

எங்களோடு நின்ற சிலர், டெபாசிட் போனதோடு எல்லாம் தீர்ந்தது என்று கணக்கே கொடுக்கவில்லை. அவர்களுக்கு அப்புறம் நோட்டீஸ் போனது. நீங்கள் நின்றால் கணக்கைத் தபாலில் அனுப்பாதீர்கள். நேரில் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்குங்கள். வங்கிக் கணக்கை மூடுவது அதற்குப் பிறகு.