களுவாஞ்சிகுடித் தமிழும் சூரிச் வகுப்பறையும்

டொச், அதாவது ஜேர்மன் மொழி, பேசும் சூரிச் பக்கம் போகக் குடும்ப இணைவு விசாவுக்குக் காத்திருக்கும் வீடுகளில், கிழக்கிலங்கை ஆரையம்பதியானாலும் சரி திருக்கோவிலானாலும் சரி, அடிக்கடி கேட்கும் கதை இது: "அங்க போனா டொச்தானே, இனித் தமிழ் படிச்சு என்னத்துக்கு?" பிள்ளை பள்ளிக்கூடம் போவது குறையும். வாசிப்புப் புத்தகம் அலுமாரிக்குள் போகும். கையில் ரெலிபோனைக் கொடுத்து டொச் வீடியோ போட்டுவிடுவார்கள். சுவிஸில் வந்திறங்கிய பிறகு தலைதூக்கும் பல சிக்கல்களுக்கு விதை இங்கேதான் விழுகிறது.

வாசிக்கப் பழகுவது வாழ்க்கையில் ஒரு தடவை நடக்கும் வேலை. எழுத்துக்கூட்டி, கூட்டியதைச் சொல்லாகப் பிடித்து, சொல்லிலிருந்து கருத்துக்குத் தாவும் வித்தையைத் தமிழில் கற்ற பிள்ளைக்கு டொச்சில் புதிதாக இருப்பது எழுத்தும் சொல்லும்தான். ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியியலாளர் 1979இல் எழுதியதன் சாரமும் இதுவே: ஒரு மொழியில் ஊன்றிய அறிவு மற்ற மொழிக்குக் கைமாறும். விளையாடும் இடத்து மொழியைப் பிள்ளை ஒன்றிரண்டு வருடத்தில் பிடித்துவிடும். பாடப்புத்தக மொழி கைவர ஐந்து முதல் ஏழு வருடம் பிடிக்கும். ஆகவே காத்திருக்கும் மாதங்களில் செய்யவேண்டியது, தமிழைத் தடங்கலில்லாமல் வாசிக்க வைப்பது. டொச்சில் பத்து இருபது சொல் போதும்: கழிப்பறை, தண்ணீர், வலிக்கிறது, விளங்கவில்லை, என் பெயர் இன்னது.

பயணப் பையில் வைக்கவேண்டியவை: பிறப்புச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும், மருத்துவமாது பதிந்து தந்த கிளினிக் கார்ட் (ஊசி விபரம் முழுக்க அதில்தான்), கடைசி இரண்டு தவணைத் தேர்ச்சி அறிக்கை, பிள்ளை தானே தமிழில் எழுதிய ஒரு கொப்பி. கடைசியாகச் சொன்னதை அனேகமாக யாரும் கொண்டுவருவதில்லை. டொச் தெரியாத பிள்ளைக்கு எதுவும் தெரியாது என்று நினைக்கவிருக்கும் ரீச்சருக்கு, அந்தக் கொப்பியின் நாலு பக்கமும் கணக்குத் தாளும் வேறு கதை சொல்லும். புறப்படுமுன் மட்டக்களப்பிலேயே கண்ணும் காதும் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையை "மொழி விளங்காத பிள்ளை" என்று ஒரு வருடம் வைத்திருப்பது நடக்கிற காரியம்.

எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்பதில்தான் முதல் மனவருத்தம். இலங்கையில் ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது நிறைந்த பிள்ளை அந்த வருடம் தரம் 1இல் சேரும். சூரிச்சில் ஜூலை 31ஆம் திகதிக்குள் நாலு வயது நிறைந்தால் ஓகஸ்டில் கிண்டர்கார்டன், அங்கே இரண்டு வருடம், அதற்குப் பிறகுதான் முதலாம் வகுப்பு. கணக்குப் போட்டால், பெப்ரவரி முதல் ஜூலை வரை பிறந்த பிள்ளை ஊரிலிருந்ததைவிட ஏழு மாதம் பிந்தி முதலாம் வகுப்புக்குப் போகும். ஓகஸ்ட் முதல் ஜனவரி வரை பிறந்த பிள்ளை ஒரு வருடமும் ஏழு மாதமும் பிந்தும். "ரெண்டாம் ஆண்டு படிச்ச புள்ளைய இறக்கிப் போட்டாங்க" என்று கோபப்பட ஒன்றுமில்லை. வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கும் அதே வயதுதான்.

இனிப் பிள்ளைக்குப் பிள்ளை வழி மாறும்.

நாலு வயதில் வரும் பிள்ளை கிண்டர்கார்டனில் வாய் திறக்காது. கிழமைக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில். பயப்படுமுன் மூன்றைப் பாருங்கள். மற்றப் பிள்ளைகள் செய்வதைப் பார்த்துத் தானும் செய்கிறதா? "சப்பாத்தைப் போடு", "வட்டமாக இரு" என்றால் விளங்குகிறதா? வீட்டில் தமிழில் வழமைபோல் அலட்டுகிறதா? மூன்றும் ஆமென்றால் பிள்ளை காதால் படித்துக்கொண்டிருக்கிறது, விடுங்கள். ஆறு மாதம் கடந்தும் வீட்டுக்கு வெளியே ஒரு சொல்லும் வராவிட்டால் ரீச்சரிடம் நீங்களே பேச்சை எடுங்கள். வீட்டில் தமிழிலும் வசனம் கோக்க முடியாமல் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வராது; குறைபாடு இருந்தால் இரண்டு மொழியிலும் தெரியும். பேச்சுப் பயிற்சியாளர் தமிழ் அறியாதவர் என்பதால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றுதான். பிள்ளை "வாளைப்பளம்" என்றால் அது நாக்குக் குறையில்லை, மட்டக்களப்பு.

இந்த வயதுக்கு டொச் பாடத்தைவிடப் பெரிய பாடம் நடைமுறைதான். காலையில் தனியே நடந்து போகப் பழக்குவார்கள், கழுத்தில் ஒளிரும் பட்டி போட்டு. இடைவேளைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் பழம், கரட், பாண் வைக்கலாம். இனிப்பும் சிப்சும் திருப்பி அனுப்பப்படும். வகுப்புக்குள் போட வேறு செருப்பு. மழையென்றாலும் காட்டுக்குப் போவார்கள், மழைக் காற்சட்டை கட்டாயம் வேண்டும். பல பள்ளிக்கூடங்களில் மதியம் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும் என்பது வேலைக்குப் போகும் தாய்க்குத் திடீரென்று தெரியவரும். மதியச் சாப்பாட்டோடு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் "மதிய மேசை"க்குக் காசு கட்டி முன்கூட்டியே பதியவேண்டும்.

பேச்சில் இன்னொரு குழப்பமும் உண்டு. ரீச்சர் பேசுவது சுவிஸ் வட்டாரப் பேச்சு, புத்தகத்தில் இருப்பது எழுத்து டொச். சூரிச்சில் 2011இல் வாக்கெடுப்பு நடத்தி, கிண்டர்கார்டனில் வட்டாரப் பேச்சே முதன்மை என்று முடிவெடுத்தார்கள். மற்ற நாட்டுப் பெற்றோர் இதைக் கேட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்ள, எங்களுக்கு இது பழகிய வித்தை. "மறுகா வாறன்" என்று சொல்லிவிட்டுக் கொப்பியில் "பிறகு வருகிறேன்" என்று எழுதுகிறவர்கள்தானே நாங்கள். பிள்ளைக்கு இதை இப்படியே சொல்லிக்கொடுங்கள், சட்டென்று விளங்கும். (வார இறுதித் தமிழ் வகுப்பில் "மறுகா"வுக்குச் சிவப்புக் கோடு போடும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். கோட்டைப் போடாமல், அது வீட்டுச் சொல், இது எழுத்துச் சொல் என்று பக்கத்தில் எழுதலாம். பிள்ளை அம்மம்மாவின் பேச்சைப் பிழையான பேச்சு என்று நினைக்கத் தொடங்கினால் தமிழே விட்டுப்போகும்.)

ஏழு வயதில், தமிழ் வாசிப்புப் பாதி பழகிய நிலையில் வருவதுதான் இடக்கான இடம். இரண்டு எழுத்துருவும் மோதும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. டொச்சிலோ எல்லாப் பெயர்ச்சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கவேண்டும். மேசை ஆண், கதவு பெண், புத்தகம் இரண்டுமில்லை என்ற பால் பாகுபாடு, உயர்திணைக்கு மட்டுமே ஆண்பால் பெண்பால் பார்த்த பிள்ளைக்கு விசித்திரம். சொல்லைத் தனியே பாடமாக்க விடாதீர்கள். "டெர் டிஷ்" (மேசை) என்று, பால் காட்டும் முன்சொல்லோடு சேர்த்தே வரட்டும்.

அதைவிட ஆழமான சிக்கல் ஒலியில் இருக்கிறது. தமிழில் ககரம் ஒன்று, பகரம் ஒன்று, டகரம் ஒன்று. டொச்சில் ஒவ்வொன்றுக்கும் மென்மையாக ஒன்று, மூச்சடித்து ஒன்று என இரண்டு எழுத்து. தோட்டத்துக்கான சொல்லையும் (Garten) சீட்டுகளுக்கான சொல்லையும் (Karten) தமிழில் எழுதினால் இரண்டுமே "கார்டன்". டொச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொப்பியில் பாடமாக்க வைக்கும் பழக்கம் இதனால்தான் கெடுதல்: காது பிரிக்கவேண்டியதைக் கை ஒன்றாக்கிவிடுகிறது. ஒரு துண்டுத் தாளை வாய்க்கு முன் நாலு விரல் தூரத்தில் பிடித்துச் சொல்லச் சொல்லுங்கள். மூச்சு அடிக்கும் ஒலிக்குத் தாள் அசையும், மற்றதுக்கு அசையாது. நாளுக்கு ஐந்து சோடிச் சொல், மூன்று நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். சொல்லின் தொடக்கத்தில் மெய்கள் குவியும்போது "இஸ்த்ரா..." என்று முன்னால் இகரம் சேர்ப்பதும் தமிழ் வாயின் குணம்தான். கை தட்டி அசை பிரித்துச் சொல்ல வைத்தால் குறையும். வசந்தன் பாட்டுக்குத் தாளம் போட்ட பிள்ளைக்கு இது விளையாட்டு.

கணக்கில் வேறு பொறி. இருபத்து மூன்றை டொச்சில் "மூன்றும் இருபதும்" என்று சொல்வார்கள். காதால் கேட்டு எழுதும் பிள்ளை முதலில் 3 எழுதி, பிறகு 2 எழுதி, 32 என்று முடிக்கும். கணக்குத் தெரியாததால் வந்த பிழை இல்லை இது. சொல்லி முடியும்வரை பென்சிலைத் தூக்காமல் இருக்கப் பழக்குங்கள். பிள்ளை மனத்தில் தமிழில் கூட்டினால் கூட்டட்டும், விடையை மட்டும் டொச்சில் சொன்னால் போதும். சின்ன விடயங்களும் உண்டு: வகுத்தலுக்கு ÷ இல்லை, இரண்டு புள்ளி மட்டும். ஆயிரத்தை 1'000 என்று மேற்குறி போட்டு எழுதுவார்கள். வெறும் நேர்கோடாக எழுதிய ஒன்றை ரீச்சர் வாசிக்கத் தடுமாறலாம், மூக்கு வைத்து எழுதப் பழக்குங்கள்.

பத்து வயதுப் பிள்ளைக்கு நேரம்தான் எதிரி. ஊரில் புலமைப்பரிசில் பரீட்சைக்கு மாதிரி வினாத்தாள் செய்துகொண்டிருந்த பிள்ளை, இங்கே நாலாம் ஐந்தாம் வகுப்பில் ஊமைபோல் உட்காரும். ஆறாம் வகுப்பு முடிவில் மேல்நிலைப் பிரிவு தீர்மானமாகிவிடும். சூரிச்சில் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் பள்ளியான கிம்னாசியத்துக்கு நுழைவுப் பரீட்சையும் உண்டு. ஆகவே வந்த முதல் கிழமையிலேயே எவ்வளவு டொச் உதவி என்று கேளுங்கள். புதிதாக வந்தவர்களுக்கு "டாட்ஸ்" எனப்படும் இரண்டாம்மொழிப் பாடம் முதல் வருடம் செறிவாக நடக்கும்; சில ஊர்களில் ஒரு வருடம் வரை தனி வரவேற்பு வகுப்பும் உண்டு. கணக்கு வகுப்பிலிருந்து பிள்ளையை எடுத்து டொச் படிப்பித்தால், எந்தப் பாடம் தவறுகிறது, அது எப்போது ஈடாகும் என்றும் கேட்கவேண்டும். புவியியல், விஞ்ஞானப் பாடங்களை இலங்கைத் தமிழ்ப் பாடநூலில் முதல்நாள் இரவு வாசித்துவிட்டுப் போகட்டும்; கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அவை இலவசம். நீராவி, ஆவியாதல், ஒடுங்கல் தமிழில் தெரிந்த பிள்ளைக்கு வகுப்பில் தேடவேண்டியது டொச் பெயரை மட்டும். பரீட்சையில் தவறினாலும் வழி அடைபடாது: மேல்நிலைப் பள்ளியிலிருந்து பிறகு கிம்னாசியம் போகலாம், தொழிற்பயிற்சி வழியாக உயர்கல்விக்கும் போகலாம். உறவினர் சொல்லும் பயமுறுத்தல்களை அளவாகக் கேளுங்கள்.

"தனி இலக்கு" என்ற சொல்லைப் பள்ளிக்கூடம் சொன்னால் நிதானியுங்கள். வகுப்பின் இலக்குக்குப் பதில் பிள்ளைக்கென்று குறைந்த இலக்கு வைத்து, அந்தப் பாடத்துக்குப் புள்ளிக்குப் பதில் அறிக்கை எழுதுவது அது. உண்மையான கற்றல் இடர் உள்ள பிள்ளைக்கு நல்ல உதவி. டொச் மட்டும் போதாத பிள்ளைக்கு அப்படியே வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டால், மேல்வகுப்புத் தெரிவில் இடிக்கும். எந்தப் பாடத்துக்கு, எத்தனை மாதத்துக்கு, மறுபடி எப்போது பார்ப்பீர்கள் என்ற மூன்று கேள்விக்கும் விடை எழுத்தில் வரவேண்டும்.

இதெல்லாம் பேசும் இடம் ரீச்சரோடு நடக்கும் நிலையறி உரையாடல். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே சொன்னால் பள்ளிக்கூடமே ஒழுங்குசெய்யும். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தம்பியின் குறையை அக்கா பாதி விழுங்கிவிட்டுத்தான் சொல்லுவாள். புள்ளி 6 அதி உயர்வு, 4 தேர்ச்சி. வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று கேட்டால் ரீச்சர் விழிப்பார், அப்படியொரு வரிசை இங்கே இல்லை. பதிலாக, போன தவணையில் முடியாமல் இருந்து இப்போது முடிவது என்ன என்று கேளுங்கள். தாய்மொழி வகுப்பில் பதியவும் ரீச்சரிடமே கேட்கலாம். கிழமைக்கு 2 முதல் 4 பாடவேளை. சூரிச்சில் அதன் புள்ளியைப் பள்ளி அறிக்கையிலும் பதியலாம்.

வீட்டில் ஒரே ஒரு விதி: பெற்றோருக்கு எந்த மொழி முழுதாக வருகிறதோ அதில் பேசவேண்டும். அரைகுறை டொச்சில் அப்பா பேசினால் பிள்ளைக்கு அரைகுறை டொச்சும் போய்ச்சேரும், தமிழும் போகும். பிள்ளை டொச்சில் பதில் சொன்னால் ஏசாமல் அதையே தமிழில் திருப்பிச் சொல்லிக் கதையைத் தொடருங்கள். விருந்தாளி முன்னால் "ஒரு தேவாரம் சொல்லு மகன்" என்று நிறுத்திவைப்பது நல்லதில்லை.

அம்மம்மாவின் வீடியோ அழைப்பைச் சும்மா விடவேண்டாம். ஊர் நேரம் மாரியில் நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி முன்னே. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏழு மணிக்கு எடுத்தால் மாரியில் களுவாஞ்சிகுடியில் இரவு பதினொன்றரை. அவர் நித்திரைத் தூக்கத்தில் "சாப்பிட்டியா மனே" என்று கேட்டு வைத்துவிடுவார். மதியம் பன்னிரண்டேகாலுக்கு எடுங்கள், அங்கே மாலை நாலே முக்கால். ஒரு நாளைக்கு ஒரு விடயம்: வாவியில் இன்றைக்கு என்ன மீன் பட்டது, சட்டித் தயிர் எப்படி உறைய வைப்பது, சடங்குக்கு யார் யார் வந்தார்கள். பிள்ளை திருப்பி இரண்டு கேள்வி கேட்கவேண்டும் என்று மட்டும் சொல்லிவையுங்கள். புதன்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை, அன்றைக்கு அரைமணி நேரம் பேசலாம்.