இடது கால்

ஜூலை 27, ஞாயிறு

முட்டி அறுவைசிகிச்சை முடிந்து ஒன்பது மாதமும் ஐந்து நாளும். ஒற்றைக்கால் தாண்டலில் இடது கால், வலது காலின் 94 சதவீதத்தை எட்டிவிட்டது. 90 வந்தாலே போதும் என்றுதான் பிசியோ சொல்லியிருந்தார். ரிப்போர்ட்டின்படி நான் குணமாகிவிட்டவள். இன்று நீளம் தாண்டப் பதினொரு முறை ஓடினேன். பதினொரு முறையும் பலகை வந்ததும் எம்பாமல் அப்படியே மணலுக்குள் ஓடிப்போய் நின்றேன். ஒரு பள்ளிச் சிறுவன் சிரித்தான். மாஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 30

மாடிப்படி இறங்கும்போது எப்போதும் வலது காலைத்தான் முதலில் வைக்கிறேனாம். அம்மா சொன்னாள்.

ஆகஸ்ட் 2, சனி

ஹிப்னாடிசம் செய்யும் மேடத்திடம் போய்விட்டு வந்தேன். பார்க் டவுனில் பறக்கும் ரயில், திருமயிலையில் இறங்கி மெட்ரோ பள்ளத்தைச் சுற்றி நடை. தம்பி காலையிலிருந்தே சாவிக்கொத்தை என் மூக்குக்கு முன்னால் ஆட்டிக்கொண்டிருந்தான்.

மேடம் எதையும் ஆட்டவில்லை. அரை மணி நேரம் கேள்விதான். வலிப்பு வந்ததுண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், தூக்கம் எப்படி, அறுவைசிகிச்சை செய்த டாக்டர் ஓடிக் குதிக்கச் சம்மதித்துவிட்டாரா. “உன்னை ஆறு சென்டிமீட்டர் கூடுதலாகத் தாண்டவைக்கிறேன் என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொல்பவரிடம் போகாதே” என்றார். பிறகு சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார். கண் கனத்தது. பத்துப் படி இறங்கு என்று பத்திலிருந்து எண்ணினார். கற்பனைப் படியிலும் நான் வலது காலைத்தான் வைத்தேன்! அதைக் கவனித்துக்கொண்டே இறங்கினேன் என்றால் மயங்கினேனா இல்லையா? வெளியே கோலமாவுக்காரர் கூவியது கேட்டது. எதிர்வீட்டுக் குக்கர் கேட்டது. எல்லாமே கேட்டது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்துக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு வந்தேனோ என்று திரும்பும் ரயிலில் ஒரே யோசனை. ஆனால் இருபது நிமிடம் இருக்கும் என்று நினைத்தது ஐம்பது நிமிடமாகியிருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தெருமுனை அம்மன் கோயிலில் கூழ். பம்பை அடிக்க ஆரம்பித்ததும் அத்தைக்குச் சாமி வந்துவிட்டது. வருடாவருடம் வருவதுதான். தலைமுடி அவிழ்ந்து, கண் செருகி, கற்பூரத்தைக் கையில் வாங்கி ஆடினாள். காலடியில் ஒரு குழந்தை ஊர்ந்து வந்தது. ஆடியபடியே அதைச் சுற்றிக்கொண்டு போனாள். கால் படவே இல்லை.

மதியம் கருவாட்டுக் குழம்பு ஊற்றும்போது கேட்டேன்: அப்போது நாங்கள் பேசுவதெல்லாம் கேட்குமா அத்தை?

“ஏன் கேட்காது? எல்லாம் கேட்கும், தெரியும். நிறுத்தத்தான் தோன்றாது.”

இன்னும் கொஞ்சம் கேட்டிருப்பேன். அம்மா முறைத்தாள்.

ஆகஸ்ட் 6

மேடம் பேசியதைப் போனில் பதிவு செய்து தந்திருக்கிறார். தினமும் படுக்கும் முன் கேட்க வேண்டும். ‘உன் முட்டி கனமில்லாமல்’ என்று அவர் சொல்லும் இடத்தில் சரியாக இரண்டாவது விசில். எந்த வீட்டுப் பருப்போ.

ஆகஸ்ட் 9, சனி

வலது கை லேசாகிறது, பலூன் கட்டியதுபோல் எழும்புகிறது என்றார். எழும்பியது. நான்தான் தூக்கினேனா? அவரிடமே கேட்டேன். “பலகையில் எம்பும்போது நீ தூக்குகிறாயா, அது எழும்புகிறதா?” என்று திருப்பிக் கேட்டார். பதில் தெரியவில்லை. முன்பெல்லாம் இந்தக் கேள்வியே கிடையாது.

கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தினால், மூன்று வருடம் முன்பு நன்றாகத் தாண்டிய நாளின் உடம்பு நினைவுக்கு வரவேண்டும். அதற்குத்தான் பயிற்சி. பஸ்ஸில், சாப்பிடும்போது, டி.வி. முன்னால் அழுத்திக்கொண்டே இருக்கிறேன். உப்பா சர்க்கரையா பார்க்கிறாய் என்கிறாள் அம்மா.

ஆகஸ்ட் 13

டக்.

ஆகஸ்ட் 14

நேற்று எழுத முடியவில்லை. அடிபட்ட அன்று பலகையை மிதித்ததும் முட்டிக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தம், பக்கத்தில் யாரோ முறுக்கை ஒடித்ததால் மறுபடி வந்துவிட்டது. பெரியமேட்டிலிருந்து வீடுவரை காலை மடக்கவே இல்லை.

மாஸ்டர் வழக்கமான மருந்தைக் கொடுத்தார். அஞ்சு பாபி ஜார்ஜ் ஒற்றைச் சிறுநீரகத்தோடு 2003இல் பாரிஸில் 6.70 தாண்டி உலகப் போட்டி வெண்கலம் வாங்கினார், மறுவருடம் ஏதென்ஸில் 6.83. எனக்குச் சிறுநீரகம் இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன சார்.

இரவு தூக்கம் வராமல் தேடிப் படித்தேன். ஹிப்னாடிசம் என்ற பெயரை 1840களில் பரப்பியவர் ஜேம்ஸ் பிரெய்டு, ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர். கிரேக்கத் தூக்கக் கடவுளின் பெயரிலிருந்து எடுத்தது. பிறகு அது தூக்கம் இல்லை என்று பட்டதும், ஒரே எண்ணத்தில் நிற்பது என்ற பொருளில் வேறு பெயர் வைத்துப் பார்த்தார். யாரும் சட்டை செய்யவில்லை. நம்மவர்கள் அறிதுயில் என்று எழுதுகிறார்கள். பாற்கடலில் பெருமாள் படுத்திருப்பதைச் சொல்லும் சொல். பிரெய்டுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் இரண்டு முறை பெயர் வைக்கும் வேலை இருந்திருக்காது.

ஆகஸ்ட் 19

இன்று மேடம் அடிபட்ட அந்த நாளையே பார்க்கச் சொன்னார். நானாக இல்லாமல், தூரத்தில் ஒரு டி.வி.யில் யாரோ ஓடுவதாக. சத்தத்தைக் குறைத்துக்கொள், கறுப்பு வெள்ளையாக்கு, வேண்டுமானால் நிறுத்து. ரிமோட் என் கையில். ஓடுகிறாள். பலகைக்கு முன்னால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அதில்தான் இடது கால் வழுக்குகிறது!

கண் திறந்ததும் அழுதேன். காரணம் கிடைத்துவிட்டதே. நான் தப்பாக மிதிக்கவில்லை, தண்ணீர். மேடம் டம்ளரை நீட்டிவிட்டு, “இதில் தெரிவதையெல்லாம் நடந்ததாக எடுத்துக்கொள்ளாதே. மனசு இட்டுக்கட்டும், அதையும் சத்தியம் செய்யும்” என்றார். கோபம் வந்தது. ஸ்டேஷனிலிருந்தே மாஸ்டருக்குப் போன் செய்தேன்.

அந்த வாரம் முழுக்க மழையே இல்லையாம். மணலைக் கிளற முடியாமல் அவர்தான் குழிக்கு வாளியில் தண்ணீர் ஊற்றினாராம். குழிக்கு. ஓடுபாதைக்கு இல்லை.

ஆகஸ்ட் 20

இல்லாத தண்ணீர் இன்னும் கண்ணில் நிற்கிறது. பளபளவென்று, வானம்கூட அதில் தெரிகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எட்டு ஸ்டெப் மட்டும். விரலை அழுத்த மறந்துவிட்டேன். எம்பினேன், விழுந்தேன், வாயில் மணல். எழுந்து திரும்பிப் பார்த்தால் மாஸ்டர் இடுப்பில் கை வைத்துச் சிரிக்கிறார். வலது காலில் எம்பியிருக்கிறேன். பதினான்கு வருடத்தில் ஒருநாளும் செய்யாதது. அளக்கவே இல்லை. “விழுந்தாய் அல்லவா, அதுவரை சரி” என்றார்.

பலகை 20 சென்டிமீட்டர் அகலம்தான். இன்று அதன் அருகில் உட்கார்ந்து சாணால் அளந்தேன். ஒரு சாண் கூட முழுதாக இல்லை.

ஆகஸ்ட் 27

பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை. படியில் மூன்று முறை இடது கால். அம்மா பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 28

மழை. நிஜ மழை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நாளைக் காலை ஆறரைக்குப் பன்னிரண்டு ஸ்டெப், இடது காலில். மாஸ்டர் டேப் கொண்டுவருகிறாராம். வேண்டாம் என்றேன், அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஸ்பைக்ஸில் ஓர் ஆணி தளர்ந்திருக்கிறது, தம்பி ஸ்பானரைத் தேடுகிறான். ஒலிப்பதிவை இன்னும் கேட்கவில்லை. கேட்காமலே அந்த இரண்டாவது விசில் எந்த இடத்தில் வரும் என்று