திருப்பூர் இன்டர்ன்ஷிப் நாட்குறிப்பு

ஜூன் 3, 2024, திங்கள்
எம்பிஏ பிள்ளைகள் நால்வரைத் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் சேர்த்துவிட்டேன். ஆறு வாரம். சீல் குத்திய சர்டிஃபிகேட் மட்டும் கொண்டுவந்தால் மார்க் கிடையாது என்று சொல்லியாயிற்று.

ஜூன் 5, புதன்
ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்கு வாங்கினால் செலவு குறையும் என்று கணக்குப் போட வகுப்பில் நடத்தும் சூத்திரம் 1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் எழுதியது. தேவை சீராக இருக்கும், விலை மாறாது என்று வைத்துக்கொண்டால்தான் அது நிற்கும். இங்கே நூல் விலையை மில்கள் மாதப் பிறப்பில் அறிவிக்கின்றன. எந்த நம்பர் நூல் (எவ்வளவு மெல்லிசு), எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) என்பதெல்லாம் ஆர்டரைப் பொறுத்தது. "ஆர்டர் கைக்கு வராம ஒரு பை நூல் எடுக்க மாட்டோமுங்க மேடம்" என்றார் குடோன்காரர். ஆனால் ஊசிக்கும் மெஷின் ஆயிலுக்கும் சூத்திரம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரு மாணவியே கண்டுபிடித்துச் சொன்னாள்.

ஜூன் 8, சனி
ஃபைனான்ஸில் முதல் மார்க் எடுப்பவன் எழுதிய யோசனை: வெளியே கூலிக்குத் தைத்துத் தருபவர்களின் ஜாப் ஒர்க் பில்களுக்கு 90 நாள் தள்ளிப் பணம் கொடுத்தால் நடைமுறை மூலதனம் (அன்றாடச் செலவுக்கான பணம்) மிச்சமாகும். புத்தகப்படி சரிதான். மறுபேச்சு பேசாமல் அவனைப் பவர் டேபிளுக்கு, கம்பெனிக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்னத் தையல் யூனிட்டுக்கு, கூட்டிப்போனேன். தகரக் கொட்டகை, ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்களின் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். ஓனரின் நோட்டில் பெயருக்கு நேரே 6, 7½, 9 என்று ஷிப்ட் கணக்கு. காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரை வரை தைத்தால் ஒன்றரை ஷிப்ட்; வாரம் முழுக்க அப்படித் தைத்தவர் 9.
"கம்பெனியில பில் பாஸ் ஆகலீங்க தம்பி. அதுக்காக டைலரை அடுத்த வாரம் வான்னு சொல்ல முடியுங்களா? வட்டிக்கு வாங்கித்தான் சம்பளம் போடறேன்."
பையன் பஸ்ஸில் வாயே திறக்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி
அவனே சட்டத்தைத் தேடிப் பிடித்துவிட்டான். 2006-இன் குறு, சிறு தொழில் சட்டப்படி ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. போன நிதியாண்டு முதல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வேறு: கெடு தாண்டிய பில், பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கணக்கில் ஏறும். 90 நாள் யோசனையில் கடைசி மூன்று மாத பில்கள் அந்த ஆண்டுக் கணக்கிலிருந்தே விழுந்துவிடும். அழகாக டேபிள் போட்டிருந்தான்.
ஒரே சிக்கல், பவர் டேபிள்காரரிடம் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில் என்று அரசிடம் பதிந்த சான்று, இல்லை; அது இருந்தால்தான் இந்தச் சட்டம் அவருக்குக் கைகொடுக்கும். இலவசம்தான், ஆதாரும் பான் கார்டும் போதும் என்று பிள்ளைகள் போனை நீட்டியதற்கு, "பதிஞ்சா கம்பெனிக்காரங்க அப்புறம் வேலை குடுப்பாங்களா?" என்று கேட்டிருக்கிறார்.
இதை ரிப்போர்ட்டில் எழுதலாமா என்கிறான். எழுதச் சொல்லிவிட்டேன். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) கம்பெனி அக்கவுன்டன்டையும் கூப்பிட வேண்டும்.