வீட்டுக்குப் பக்கத்தில் கம்பஸ்: பெற்றோருக்கு எதை, எப்போது சொல்வது?

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் எங்கள் அணியின், அதாவது எங்களோடு சேர்ந்த மாணவரின், இறுதிப் பெறுபேறு வந்துவிட்டது. எனக்கு இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. முதல் வகுப்புக்குரிய 3.70 சராசரிப் புள்ளியை எட்டவில்லை என்ற சிறு மனக்குறை இருந்தாலும், ஒரு பாடத்தையேனும் திரும்ப எழுத நேராமல் படிப்பை முடித்தது பெரிய ஆறுதல். எந்தக் குறிப்பைப் படித்தீர்கள், எத்தனை மணிக்கு எழும்பினீர்கள் என்று ஊரிலுள்ள தம்பி தங்கைமார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள்களும் உங்கள் மேலணியினரிடமே கிடைக்கும். அவற்றைப் பற்றி நான் புதிதாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நான் எழுத விரும்புவது, கம்பஸில் நடப்பதை வீட்டுக்கு எப்படித் தெரியப்படுத்துவது என்பதைப் பற்றி. இதை எல்லோரும் பாசத்தோடு சேர்த்துப் பேசுவார்கள். நான் புள்ளியோடு சேர்த்துப் பேசப் போகிறேன். எங்களோடு படித்த கெட்டிக்காரர்கள் சிலர் பின்தங்கியதற்குப் பாடத்தின் கடினத்தை விட, பிழையான கிழமையில் வீட்டிலிருந்து வந்த அழைப்புத்தான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

பேராதனைக்கோ மொரட்டுவைக்கோ தெரிவானவர்களின் பெற்றோர், பிள்ளை தூரத்தில் இருக்கிறது என்ற நினைப்புக்கு முதல் நாளிலிருந்தே பழகிவிடுகிறார்கள். எங்கள் நிலை வேறு. 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகம் எங்கள் வீட்டாருக்குப் புதிய இடமன்று. ஒட்டுசுட்டானில் பஸ் ஏறி, நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக வவுனியா நகருக்கு வந்து, அங்கிருந்து மன்னார் வீதியில் பம்பைமடுவில் இறங்கினால் சரி. ஆகவே அரிவு வெட்டுக்கு ஆள் குறைந்தாலும், மச்சாளுக்குச் சாமத்தியச் சடங்கு என்றாலும், பெரியப்பாவின் அந்தியேட்டி என்றாலும், "பக்கத்திலதானே, ஒரு நாள் வந்திட்டுப் போ" என்று தொலைபேசி அடிக்கும். அந்த ஒரு நாள், பஸ்ஸும் களைப்பும் உறவினரும் சேர்ந்து மூன்று நாளாகிவிடும். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியலும் விவசாயமும் படிக்கும் வன்னிப் பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள்.

இதில் பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் அறிந்த பெரிய சோதனை க.பொ.த. உயர்தரம். அங்கே இரண்டு வருடப் படிப்பும் கடைசியில் வரும் ஒரே பரீட்சையில் நிறுக்கப்படும். இடையில் தவணைப் பரீட்சைக்குப் போகாவிட்டாலும் பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் இசட் புள்ளிக்கு எந்தக் குறையும் வராது. பல்கலைக்கழகத்தில் முதல் செமெஸ்டரில் எடுத்த சீ தரம், கடைசி நாளில் கணிக்கப்படும் ஜீ.பீ.ஏ. என்ற சராசரிப் புள்ளி வரைக்கும் கூடவே வரும். ஒரு பாடத்தைத் திரும்ப எழுதினால், எவ்வளவு நன்றாக எழுதினாலும் பொதுவாக சீ தரத்துக்கு மேல் தரமாட்டார்கள். 80 வீத வரவு கட்டாயம் என்றால், வாரம் ஒருமுறை நடக்கும் விரிவுரையில் 15 வாரங்களில் 3 நாட்களுக்கு மேல் தவறவிட முடியாது. இவற்றை எங்கள் வீட்டில் யாரும் அறிந்திருக்கவில்லை, எந்த அலுவலகமும் அவர்களுக்கு எழுதி அனுப்பவுமில்லை. நான் இந்தக் கணக்கைச் சொன்னபோது, முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் அப்பா சற்று யோசித்துவிட்டு, "அப்ப இது முறைத் தண்ணி மாதிரி. எங்கட முறைக்கு வாய்க்காலடிக்குப் போகாட்டி, குளம் நிறையத் தண்ணி நிண்டும் பிரயோசனமில்லை" என்றார். அதன் பிறகு அவர் என்னை அரிவு வெட்டுக்குக் கூப்பிட்டதே இல்லை.

ஆகவே, நீங்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்: செமெஸ்டர் அட்டவணை கையில் கிடைத்ததும், ஒரே தாளில் தமிழில் எழுதி வீட்டுக்குக் கொடுங்கள். கைத்தொலைபேசியில் படமாக அனுப்பினால் அது ஊர்ப்பட்ட "காலை வணக்கம்" படங்களுக்குள் புதைந்துவிடும். தாள்தான் வேண்டும். விரிவுரை தொடங்கும் நாள், இடைத்தேர்வுகள் வரும் கிழமைகள், பரீட்சைக்கு முன்னர் விரிவுரை இல்லாமல் படிக்க விடும் கிழமை, பரீட்சை நாட்கள், நான் வீட்டுக்கு வரக்கூடிய நாட்கள் என்று ஐந்து வரிகள் போதும். விரிவுரை இல்லாத அந்தக் கிழமையை வீட்டில் விடுமுறை என்றே நினைப்பார்கள் என்பதால் அதன் கீழே தடித்த கோடு போடுங்கள்.

எங்கள் வீட்டில் அம்மா அந்தத் தாளைப் பார்த்து, அறைவாசலில் தொங்கும் மாதக் கலண்டரில் நீலப் பேனாவால் ஒவ்வொரு நாளாக எழுதுவார். கட்டங்களில் இடம் குறைவு. ஏகாதசி, கார்த்திகை விரதம் என்று அச்சடித்திருப்பதற்குக் கீழே "பிள்ளைக்குச் சோதனை" என்று சரிவான சிறிய எழுத்தில் இருக்கும். வீட்டுக்கு யார் எதற்கு அழைக்க வந்தாலும் அம்மா முதலில் கலண்டரடிக்குப் போய்ப் பார்த்துவிட்டே பதில் சொல்வார். சின்னம்மா வீட்டுக் குடிபூரலுக்கு ஐயர் இரண்டு நாட்கள் குறித்துக் கொடுத்தபோது, எனக்குப் பரீட்சை இல்லாத நாளையே வைக்கும்படி செய்ததும் அம்மாதான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் பரீட்சைக் கிழமையில் வந்த வருடத்தில் மட்டும் அவருக்கு மனம் கேட்கவில்லை. நேர்த்தியைத் தானே போய் முடித்துவிட்டு, திருநீற்றை அப்பாவிடம் கொடுத்தனுப்பினார்.

அட்டவணை மாறும் என்பதையும் முதலிலேயே சொல்லிவையுங்கள். 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர்களின் பணிப்பகிஷ்கரிப்பு ஜூலை வரை நீண்டது. பகிஷ்கரிப்புத் தொடங்கிய செய்தி தொலைக்காட்சியில் பெரிதாக வந்தது. பின்னர் பின்தள்ளப்பட்ட பரீட்சைத் திகதிகளை எந்தத் தொலைக்காட்சி சொல்லும்? கம்பஸ் நடக்காத நாளில் பிள்ளை விடுதியில் என்ன செய்கிறது என்று பக்கத்து வீட்டார் கேட்கும் கேள்விக்கு அம்மாவிடம் பதில் இருக்க வேண்டுமானால், திகதி மாறிய அன்றே நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

தொலைபேசி விடயத்தில் என் சுபாவத்தையும் சேர்த்தே சொல்கிறேன். நான் அதிகம் கதைக்காதவள். எங்கள் விடுதியில் சிலர் காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதிலிருந்து இரவு நுளம்புவலை கட்டுவது வரை வீடியோவில் காட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது ஒத்துவராது, படிப்புக்கும் நல்லதில்லை என்றே நினைக்கிறேன். கிழமையில் குறித்த இரண்டு நாட்களில், குறித்த நேரத்தில், நானே வீட்டுக்கு அழைப்பெடுப்பது என்று வைத்துக்கொண்டேன். நேரம் குறிப்பதில் ஒரு பயன் உண்டு: குறித்த நேரத்தில் அழைப்பு வராவிட்டால் மட்டும் அவர்கள் தேடினால் போதும். அதற்காக அறைத்தோழியின் இலக்கத்தோடு, வேறு அறையில் இருக்கும் இன்னொருத்தியின் இலக்கத்தையும் கொடுத்துவையுங்கள். மின்சாரம் நின்றால் ஓர் அறையிலுள்ள எல்லாத் தொலைபேசிகளும் ஒன்றாகவே செத்துவிடும்.

எங்கள் பக்கத்துப் பெற்றோர் இரண்டு தடவை அடித்தும் பதில் இல்லையென்றால் ஏன் அப்படிப் பதறுகிறார்கள் என்பதை, வெளி மாவட்டங்களிலிருந்து வந்த நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. 2009 இல் இறுதிப் போருக்குள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். பிள்ளை மன்னார் வீதியில் படிக்கப் போகிறது என்றதும் அம்மாவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது பல்கலைக்கழகம் இல்லை, போர் முடிவில் அந்தப் பாதையால் போய்த் தங்கியிருந்த, இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். அந்தப் பதற்றத்தை "ஓவரா யோசிக்காதேங்கோ" என்று ஒரு வார்த்தையில் தட்டிவிட முடியாது. நேரத்துக்கு எடுப்பதுதான் அதற்கு மருந்து.

புதிய மாணவரை மேலணியினர் துன்புறுத்தும் பகிடிவதையைப் பற்றி, கம்பஸுக்குப் போவதற்கு முன்னரே வீட்டில் பேசிவிட வேண்டும். அவர்கள் அறிந்ததெல்லாம் முகநூலில் வரும் பயங்கரமான செய்திகள் மட்டுமே. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பகிடிவதை குற்றம் என்பதையும், அதற்கு 2 ஆண்டுகள் வரையும், பாலியல் தொல்லையோ கடுங்காயமோ ஏற்பட்டால் 10 ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை உண்டு என்பதையும், மாணவர் ஆலோசகர், விடுதிப் பொறுப்பாளர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆகியோரிடம் முறையிடலாம் என்பதையும் அப்பாவுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். சட்டம் இருந்தாலும், முதல் கிழமைகளில் பக்கத்தில் யாராவது நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது பிள்ளை வாய் திறக்காது என்பதை அம்மா தானாகவே யோசித்திருந்தார். "ஏதும் பிரச்சினை எண்டா, ஆச்சி சாப்பிட்டவவோ எண்டு கேள், எனக்கு விளங்கும்" என்றார். ஆச்சி செத்துப் பல வருடம். நான் அப்படிக் கேட்க நேரவில்லை. ஆனால் அந்த ஒழுங்கு இருந்ததால், என் குரல் கொஞ்சம் மங்கினாலும் அம்மா அதை வைத்துக் கற்பனை செய்யவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போன எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தியை, மேலணியினர் தொலைபேசியை நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய தகப்பன் மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்றார். அவர் செய்ததுதான் சரி.

காசைப் பற்றிச் சுருக்கமாக: மகாபொல மாதப் புலமைப்பரிசில் 5,000 ரூபாவிலிருந்து 2025 இல் 7,500 ரூபாவாக உயர்ந்த செய்தி ஊருக்கெல்லாம் தெரியும். அது பிந்தி வருவதும், சில வேளை இரண்டு மாதத்துக்குரியது சேர்ந்து வருவதும் யாருக்கும் தெரியாது. வந்த அன்றே வந்தது என்று சொல்லுங்கள், வராவிட்டால் வரவில்லை என்று சொல்லுங்கள். எல்லா ஆண்டும் விடுதி கிடைக்கும் என்று நினைக்கவும் விடாதீர்கள். வெளியே அறை எடுக்க நேர்ந்தால் முற்பணம் கேட்பார்கள்.

பெறுபேறு பிழைத்தால் என்ன செய்வது? என் அறைத்தோழிக்கு இரண்டாம் ஆண்டில் கணிதப் பாடமொன்று தவறியது. அவள் வீட்டுக்குச் சொல்வதற்கு முன்னரே, அதே பீடத்தில் படித்த உறவுக்காரப் பெடியன் சொல்லிவிட்டான். அது ஊரைச் சுற்றி வந்தபோது "கம்பஸால நிப்பாட்டிப் போட்டாங்களாம்" என்றாகிவிட்டது. தகப்பன் கடையில் நின்றபடி யாரோ சொல்லக் கேட்டார். அடுத்த மாதம் அவள் படித்ததை விட அழுததே அதிகம். கெட்ட செய்தியைப் பெறுபேறு வந்த மாலையே மூன்று விடயங்களோடு சொல்லுங்கள்: எந்தப் பாடம், திரும்ப எப்போது எழுதலாம், அதனால் படிப்பு முடியும் ஆண்டு மாறுமா இல்லையா. மூன்றாவதுதான் அவர்களுக்கு முக்கியம். அது தெரிந்தால் மற்ற இரண்டையும் தாங்கிக்கொள்வார்கள்.

மூன்றாம் ஆண்டிலிருந்து பெண்பிள்ளைகளுக்குக் கலியாணப் பேச்சும் வரும். இறுதி ஆண்டு ஆய்வுக்கும் தொழிற்பயிற்சிக்கும் எவ்வளவு காலம் வேண்டும் என்பதைத் தாளில் எழுதிவைத்தவளுக்கு அந்தப் பேச்சைத் தள்ளிப்போடுவது இலகு. அனுபவத்தில் சொல்கிறேன்.

மாணவர்களுக்கு:

– வீட்டில் தீர்மானம் எடுப்பவர் யாரோ, அவருக்கு முதலில் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது அம்மா.
– ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வரும் கடிதத்தை அப்படியே வீட்டில் வைக்காதீர்கள்; என்ன இருக்கிறது என்று கீழே இரண்டு வரி தமிழில் எழுதுங்கள்.
– எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை. அறைச் சண்டையைச் சொன்னால், நீங்கள் சமாதானமாகிய பிறகும் அம்மா கோபமாகவே இருப்பார்.
– முடியுமானால் ஒரு தடவையாவது கூட்டிவந்து விடுதியையும் சாப்பாட்டுக் கடையையும் காட்டுங்கள்.

பெற்றோருக்கு:

– பரீட்சைக் காலையில் எடுக்க வேண்டாம். முடிந்த பிறகு எடுத்தாலும் வினாத்தாளைப் பற்றிக் கேட்க வேண்டாம்.
– விடுதிப் பொறுப்பாளரின் இலக்கம் அவசரத்துக்கு மட்டும்.
– ஊரில் சாவீடு நடந்தால் பரீட்சை முடியும்வரை மறைக்க வேண்டாம். முகநூலில் பார்த்து அறிவது அதைவிட மோசம். சொல்லிவிட்டு, வருவதா இல்லையா என்பதைப் பிள்ளையிடம் விடுங்கள்.
– பரீட்சைக் காலத்தில் காய்ச்சல் என்றால் உடனே ஊருக்குக் கூட்டிப்போகாதீர்கள். முதலில் பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடமோ வவுனியாப் பொது வைத்தியசாலையிலோ காட்டி, அதற்குரிய சான்றிதழைக் குறித்த காலத்துக்குள் கொடுத்தால்தான் தவறிய பரீட்சையைப் பின்னர் முதல் தடவையாகவே எழுத விடுவார்கள். ஊர் மருந்தகத்தில் எழுதிய துண்டோடு இரண்டு கிழமை கழித்து வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.