ஆளில்லா அரங்கில் ஒரு கச்சேரி

கொப்பிக்குக் கொப்பி எடுத்த கசெற்றில், இரைச்சலோடு சேர்த்தே பிங்க் ஃபுளோய்ட் என்ற இங்கிலாந்து றொக் குழுவைக் கேட்டு வளர்ந்தவர்கள் எங்கள் சங்கத்தில் கொஞ்சப் பேர் அல்ல. அப்போது சத்தம் தெரியும், முகம் தெரியாது. நாட்டை விட்டு வந்த பிறகு வி.எச்.எஸ். கிடைத்தது, டிவிடி கிடைத்தது, 2025இல் படம் தியேட்டருக்கே வந்தது. ஆனால் இத்தாலியின் பொம்பெய் இடிபாடுகளில் அவர்கள் வாசித்த அந்தக் கச்சேரிப் படத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் இன்றும் தர்க்கம்தான். ஒருவர் ஸ்ரூடியோக் காட்சி இருக்கிறது என்பார், மற்றவர் அப்படி ஒன்றும் இல்லை என்பார். இருவர் சொல்வதும் சரி. பார்த்த படம்தான் வேறு.

இயக்குநர் ஏட்ரியன் மேபன் சுற்றுலாவுக்குப் போன இடத்தில் கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டு, அதைத் தேடி மாலையில் பொம்பெய் இடிபாடுகளுக்குள் திரும்பிப் போயிருக்கிறார். வெறிச்சோடிக் கிடந்த வட்டரங்கில் சின்னச் சத்தமும் எதிரொலித்ததைக் கேட்டதும் யோசனை பிறந்தது. அதுவரை வந்த றொக் கச்சேரிப் படங்களில் பாதி நேரம் கூட்டத்தைத்தான் காட்டுவார்கள். இங்கே ஒரு சனமும் வேண்டாம். கல்லும் வெயிலும் நாலு பேரும் போதும்.

1971 ஒக்ரோபர் தொடக்கத்தில் படப்பிடிப்பு. வாயசைத்து நடிக்க மாட்டோம், நேரடியாகத்தான் வாசிப்போம் என்று குழு சொல்லிவிட்டதால், மேடைச் சாமான் முழுவதும் லண்டனிலிருந்து லொறியில் வந்து இறங்கியது. வந்த பிறகுதான் வில்லங்கம். இரண்டாயிரம் வருடம் பழைய அரங்கில் இவ்வளவு சாமானுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? இருந்த இணைப்பு தாங்கவில்லை. கடைசியில் நகரசபைக் கட்டடத்திலிருந்து தெருவழியே நீளமாகக் கேபிள் இழுத்தார்கள். அதற்குள் சில நாட்கள் போய்விட்டன. மிஞ்சிய நாட்களில் அங்கே முடித்தது மூன்றே உருப்படி: ‘எக்கோஸ்’, ‘ஏ சோஸர்ஃபுல் ஒஃப் சீக்ரெற்ஸ்’, ‘வன் ஒஃப் தீஸ் டேய்ஸ்’. ‘எக்கோஸ்’ உள்ள இசைத்தட்டு அப்போது கடைக்கே வரவில்லை என்பதையும் நினைவில் வைத்துப் பாருங்கள்.

மிச்சத்தை டிசம்பரில் பாரிஸில், யூரோப்பாசோனோர் ஸ்ரூடியோவில் எடுத்தார்கள். பின்னால் பொம்பெய்க் காட்சிகளைத் திரையில் விழுத்தி ஒப்பேற்றியிருக்கிறார்கள். எது இத்தாலி, எது பாரிஸ் என்று பிரிக்க கீபோர்ட்காரர் றிச்சர்ட் றைற்றின் முகத்தைப் பார்த்தால் போதும். வட்டரங்கில் தாடி இருக்கும், பாரிஸில் வழித்திருப்பார். ஒரு நாய் மைக்கில் ஊளையிட, கிற்றார்காரர் டேவிட் கில்மோர் மௌத் ஓர்கன் வாசிக்கும் துண்டும் பாரிஸ்தான். சிரிக்கலாம், வேறு ஒன்றும் அதில் இல்லை.

‘வன் ஒஃப் தீஸ் டேய்ஸ்’ முழுக்க ட்ரம்ஸ்காரர் நிக் மேசனையே ஏன் காட்டுகிறார்கள் என்று கேட்காதவர் இல்லை. அது கலைத் தீர்மானம் அல்ல. மற்றவர்களை எடுத்த றீல்கள் தொலைந்துபோயின, கையில் இருந்ததை வைத்து வெட்டினார்கள். எங்களைக் கேட்டால் அவை தொலைந்தது நல்லதற்குத்தான். நடுவில் ஒரு கோல் மேசனின் கையை விட்டுப் பறக்கும். மற்றக் கை தாளத்தை விடாது. அடுத்த கோலை எடுத்து அவர் உள்ளே வந்துவிடுவார், ஒரு அடிகூடப் பிசகாது. நாலு கமெராவையும் மாறி மாறி வெட்டியிருந்தால் அதைக் கண்டிருக்கவே மாட்டோம். ஸ்பீக்கர் பெட்டிகளின் பின்பக்கமாகக் கமெரா மெல்ல நகரும் நீண்ட காட்சியையும் தவறவிட வேண்டாம். பெட்டியில் குழுவின் பெயரும் ‘லண்டன்’ என்றும் அடித்திருக்கும்.

இனி இந்தப் படத்தின் வெவ்வேறு வெட்டுக்கள், அதாவது பதிப்புகள். 1972 செப்ரெம்பரில் எடின்பரோ விழாவில் காட்டியது ஏறத்தாழ ஒரு மணி நேரம், பாட்டு மட்டும். நவம்பர் 25 அன்று லண்டன் ரெயின்போ அரங்கில் காட்ட இருந்தது கடைசி நேரத்தில் நின்றுபோனது. 1974இல் வந்தது ஏறத்தாழ 80 நிமிடம். ‘டார்க் சைட்’ இசைத்தட்டு வேலை நடந்த லண்டன் அபே றோட் ஸ்ரூடியோக் காட்சிகளும், கன்ரீனில் மேசன் ஓரம் இல்லாத அப்பிள் பை கேட்பதும் அதில்தான். 2003 டிவிடியில் ‘இயக்குநர் வெட்டு’ என்று ஒன்று. கணினியில் செய்த கோளங்களையும் எரிமலையையும் செருகி, அகலத் திரைக்காக மேலும் கீழும் நறுக்கி வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு, அதே தட்டின் மேலதிகப் பகுதியில் உள்ள பழைய ஒரு மணி நேரப் படத்தைப் போடுங்கள். தொலைக்காட்சி படத்தை இழுக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் சரி. 2025 பதிப்பு அசல் 35 மி.மீ. நெகற்றிவிலிருந்து 4கேயில் எடுத்தது, ஒலிக்கலவை ஸ்ரீவன் வில்சன். புதிதாகப் பார்ப்பவர் இதிலிருந்தே தொடங்கலாம்.

நெகற்றிவ் இருந்தால் படம் பிழைக்கும் என்பதற்கு அடுத்த சாட்சி இதே குழுவின் இன்னொரு கச்சேரிப் படமான ‘டெலிக்கேற் சவுண்ட் ஒஃப் தண்டர்’. 1988 ஓகஸ்ரில் நியூயோர்க்கின் நாசோ கொலிசியத்தில் வெய்ன் ஐஷம் 35 மி.மீ.இல் எடுத்தார். மறுவருடம் வந்த வி.எச்.எஸ். மங்கல், புகைக்குள் யார் நிற்கிறார் என்றே தெரியாது. 2019இல் நெகற்றிவுக்கே திரும்பிப் போய், முழுவதையும் புதிதாக வெட்டினார்கள். அதே இரவுகள், வேறு படம்.

அடுத்த கச்சேரிப் படமான ‘பல்ஸ்’ கதை தலைகீழ். 1994 ஒக்ரோபர் 20, லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட், இயக்கம் டேவிட் மாலெற். அந்தத் தொடரின் முதல் இரவிலேயே ஒரு பார்வையாளர் மேடை சரிந்து கச்சேரி ஒத்திப்போடப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஒளியமைப்பில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் எடுத்தது வீடியோவில். அந்நாளைய தொலைக்காட்சி வீடியோ 525 அல்லது 625 வரி, இன்றைய 4கே 2160 வரி. இல்லாத வரியை எந்த இயந்திரமும் கண்டுபிடித்துத் தராது. புளூரேயிலும் சுழலும் விளக்குகளின் விளிம்பு கொஞ்சம் பிசிறடித்தால் உங்கள் பெட்டியில் பிழை இல்லை.

ஆவணப்படங்களில், குழுவின் தொடக்ககாலப் பாடகர் சிட் பாரெற்றைப் பற்றி ஜோன் எட்ஜின்டன் எடுத்ததை முதலில் பாருங்கள். 2023இல் வந்த றொடி பொகாவாவின் படம் அதற்குப் பிறகு. 1967 ஜனவரியில் பாரெற் வாசிப்பதையே காண வேண்டுமென்றால் பீற்றர் வைற்ஹெட் எடுத்த துண்டுகள் இருக்கின்றன. சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்ரூடியோவில் பதிந்த ‘இன்ரர்ஸ்ரெல்லர் ஓவர்டிரைவ்’ ஏறத்தாழ 17 நிமிடம் ஓடும்.

பொம்பெயின் அதே வட்டரங்குக்கு கில்மோர் 2016 ஜூலை 7, 8 திகதிகளில் திரும்பிப் போனார். இந்த முறை சனமும் இருந்தது, மின்சாரமும் இருந்தது. ‘வன் ஒஃப் தீஸ் டேய்ஸ்’ மட்டும் பழையதிலிருந்து அங்கே திரும்ப ஒலித்தது.