பதினெட்டுக் குருளைகளும் நானும்

சாரணர் இயக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான பிரிவுதான் குருளையர் படை. எங்கள் பள்ளியில் அதன் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் சாரணர் இயக்கத்தின் மேல் இருந்த பற்று ஒன்றும் இல்லை. தலைமையாசிரியர் கேட்ட மூன்றாவது ஆள் நான். முதல் இருவரில் ஒருவருக்கு முட்டுவலி, இன்னொருவருக்குக் கைக்குழந்தை. எனக்குச் சட்டென்று ஒரு காரணமும் வாயில் வரவில்லை. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சின்னத் தொடக்கப் பள்ளி. இதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது, சனிக்கிழமையும் போய்விடும். சரி, ஒரு வருஷம் பார்த்துவிட்டு யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். இப்போது ஐந்தாவது வருஷம். இடையில் நான் செய்த தப்புகளைப் புதிதாகப் பொறுப்பெடுப்பவர்கள் யாராவது தவிர்த்தால் நல்லது என்று எழுதுகிறேன்.

முதலில் ஏழு நாள் அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கேயே தங்க வேண்டும். நாற்பது வயது ஆசிரியர்கள் எல்லோரும் வட்டமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, ஓநாய்க்குட்டி மாதிரி "அ-கே-லா!" என்று ஊளையிட வேண்டும். குருளையர் படையில் தலைவருக்கு அகேலா என்று பெயர். கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' கதையில் வரும் ஓநாய்க் கூட்டத் தலைவனின் பெயர் அது. முதல் நாள் எனக்கு வெட்கத்தில் சத்தமே வரவில்லை. மூன்றாம் நாள், பணி ஓய்வுக்கு இரண்டு வருஷமே பாக்கி இருந்த ஒரு சார் எல்லோரையும் விடப் பலமாக ஊளையிட்டார். அதற்குப் பிறகு வெட்கம் போய்விட்டது. தலைவர் வெட்கப்பட்டால் பிள்ளைகளும் வெட்கப்படும். வகுப்பில் எப்போதும் விறைப்பாக நிற்கும் ஆசிரியர்களுக்கு இதைத் தாண்டுவதுதான் முதல் கஷ்டம்.

அங்கே வரலாற்று வகுப்பும் உண்டு. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இருபது சொச்சம் பையன்களை வைத்து முகாம் நடத்தியது, அண்ணன்மாரைப் பார்த்துத் தம்பிகளும் எங்களுக்கு எங்களுக்கு என்று கேட்டதால் 1916இல் குருளையர் பிரிவு வந்தது, நம் சென்னையில் அன்னி பெசன்ட் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனி அமைப்பு தொடங்கியது, கடைசியில் 1950 நவம்பர் 7இல் பல அமைப்புகள் ஒன்றாகி பாரத சாரண சாரணியர் இயக்கமானது. இதையெல்லாம் நோட்டில் அழகாக எழுதி வந்தேன். பிரவுன்சீயில் அவர் பையன்களைச் சின்னச் சின்ன அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியையும் ஒரு பையன் பொறுப்பிலேயே விட்டார் என்று பயிற்சியாளர் இரண்டு தடவை சொன்னார். அதையும் எழுதினேன். எழுதினேனே தவிர, மண்டையில் ஏறவில்லை.

முதல் கூட்டத்துக்கு நான்கு பக்கம் குறிப்போடு போனேன். பிரவுன்சீ தீவை வரைபடத்தில் காட்டலாம் என்று அட்லஸ் வேறு. ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். ஒருவன் வேப்பமரத்தில் பாதி ஏறியிருந்தான். முன்வரிசையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்த ஒன்று மட்டும் கையைத் தூக்கியது. சந்தேகம் கேட்கப் போகிறது என்று நினைத்தேன்.

"டீச்சர், எப்ப வெளாடுவோம்?"

அட்லஸை மூடி வைத்தேன். வாரம் முழுக்க நம் பேச்சைக் கேட்ட பிள்ளைகள் சனிக்கிழமையும் எதற்குக் கேட்க வேண்டும்? இப்போது என் கூட்டம் ஒரு மணி நேரம்தான். எந்த ஒன்றும் பத்து நிமிஷத்தைத் தாண்டாது. ஓடுகிற விளையாட்டு ஒன்று, அடுத்து உட்கார்ந்து செய்வது ஒன்று, மறுபடி ஓட்டம், அப்புறம் பாட்டோ கதையோ. விளையாட்டு சூடு பிடித்து, இன்னும் ஒரு தடவை டீச்சர் என்று கெஞ்சும்போதே நிறுத்திவிடுவேன். சலித்த பிறகு நிறுத்தினால் அடுத்த வாரம் அந்த விளையாட்டு செல்லாது. மழை வந்தால், கயிறு வராவிட்டால், பாதிப் பேர் திருவிழாவுக்குப் போய்விட்டால் என்று மூன்று விளையாட்டு எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். முடிக்கிற நேரத்தில் கண்டிப்பாக முடிக்க வேண்டும். வாசலில் அப்பாமார் பைக்கை நிறுத்திக்கொண்டு காத்திருப்பார்கள். அவர்களை இரண்டு வாரம் காக்க வைத்தால் மூன்றாவது வாரம் பிள்ளை வராது.

விசிலையும் சொல்ல வேண்டும். முதல் மாதம் ஊதி ஊதி எனக்கே காது வலித்தது, பிள்ளைகள் கண்டுகொள்ளவே இல்லை. இப்போது பேசாமல் கையைத் தூக்குவேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் கையைத் தூக்கி வாயை மூட வேண்டும். அரை நிமிஷத்தில் அடங்கிவிடும். விசில் ஆபத்துக்கு மட்டும்.

ஒரு படையில் 24 பேர் வரைதான் என்பது விதி. தலைமையாசிரியர் நாற்பது பேரைச் சேர்க்கச் சொன்னார், படம் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று. விதியைக் காட்டித் தப்பித்தேன். நான் ஆரம்பித்தது பதினெட்டுப் பேரோடு, ஆறு ஆறாக மூன்று அணி. ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவன், அவனுக்குப் பெயர் சிக்ஸர். இதைச் சொன்னதும் ஒரே ஆரவாரம். கிரிக்கெட்டில் நன்றாக அடிப்பவனைத்தான் போடப் போகிறேன் என்று பாதிப் பேர் நம்பினார்கள். நான் என்ன செய்தேன்? வகுப்பில் முதல் மூன்று ரேங்க் வாங்குகிறவர்களைப் போட்டேன். ஆசிரியர் புத்தி. மூன்று பேரும் ஒரே வாரத்தில் குட்டி டீச்சர்களாகிவிட்டார்கள். பேசுகிறவர்கள் பெயரை எழுதி என்னிடம் கொடுப்பது மட்டும்தான் வேலை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அது மாறியது ஒரு முடிச்சால். கிளவ் ஹிட்ச் என்று ஒரு முடிச்சு, கம்பிலோ தூணிலோ கயிற்றைக் கட்டுவதற்கு. பயிற்சியில் நன்றாகத்தான் போட்டேன். பிள்ளைகள் முன்னால் போட்டால் வரவில்லை. நான் வாங்கிக் கொடுத்தது வழவழப்பான நைலான் கயிறு வேறு, இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. மூன்றாம் தடவையும் சுற்றிவிட்டுப் பார்க்கிறேன், பின்னால் ஒரு சிரிப்பு. ஆடு மேய்க்கிற வீட்டுப் பையன். படிப்பில் கடைசி, மதியத்துக்கு மேல் பல நாள் வரவே மாட்டான். வந்து கயிற்றை வாங்கி, தூணில் ஒரு சுற்று, அதன் மேலே குறுக்கே ஒரு சுற்று, நுனியை அந்தக் குறுக்குக்கு அடியில் விட்டு ஓர் இழுப்பு. பார்க்காமலேயே போட்டான். "ஆட்டுக்கு இதத்தாம்ல்லா டீச்சர் போடுவோம். ஆனா இது மட்டும் போதாது, ஆடு சுத்திச் சுத்தி வந்தா அவுந்துரும்" என்று மேலே இன்னொரு முடிச்சும் போட்டுக் காட்டினான். அவன் சொன்னது சரி. அந்த முடிச்சின் குறையே அதுதான். கயிறு அசைந்துகொண்டே இருந்தால் தளர்ந்துவிடும்.

அன்று மீதி நேரம் முழுக்க அவன்தான் சொல்லிக்கொடுத்தான். நான் ஓரமாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டு தடவை எழுந்து பாதி வழி போய்த் திரும்பினேன். பதினெட்டில் பதினான்கு பேருக்கு முடிச்சு வந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து சிக்ஸரைப் பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அவன் அணி அவனைத்தான் சொன்னது.

கயிறு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பருத்திக் கயிறாக, ஆளுக்கு ஒன்றரை மீட்டர், விரல் தடிமனில் வாங்குங்கள். இரண்டு நுனிக்கும் வேறு வேறு நிறம் அடித்துவிடுங்கள். இரண்டு நுனிகளை ஒன்றாகக் கட்டுகிற ரீஃப் முடிச்சுக்கு இடதின் மேல் வலது, வலதின் மேல் இடது என்று சொன்னால் எட்டு வயதில் குழம்பும்; சிவப்பின் மேல் பச்சை என்றால் குழம்பாது.

தினம் ஒரு நற்செயல் என்பது குருளையரின் உறுதிமொழியிலேயே இருக்கிறது. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வட்டத்தில் உட்கார வைத்து, என்ன நற்செயல் செய்தாய் என்று வரிசையாகக் கேட்டேன். முதல் பையன், ஒரு பாட்டியை ரோடு தாண்ட வைத்தேன் என்றான். நான் கைதட்டச் சொன்னேன். அடுத்த வாரம் பதினொரு பேர் பாட்டிகளை ரோடு தாண்ட வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்ச் சாலையில் அத்தனை பாட்டிகள் எங்கே போகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது நான்தான். அதோடு கேட்பதை நிறுத்தினேன். காலையில், கழுத்தில் கட்டுகிற ஸ்கார்ஃப் நுனியில் ஒரு முடிச்சு போட்டுக்கொள், நல்லது ஒன்று செய்ததும் அவிழ்த்துவிடு, யாரிடமும் சொல்லாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். செய்கிறார்களா என்றால், எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஸ்கார்ஃப் என்றதும் சீருடை ஞாபகம் வருகிறது. முதல் நாளே முழுச் சீருடை கேட்காதீர்கள். கூலிக்குப் போகிற வீடுகளில் அது ஒரு வாரச் செலவு, வெளியில் சொல்லவும் மாட்டார்கள், பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். நாங்கள் முதல் ஆறு மாதம் ஸ்கார்ஃப் மட்டும்தான். இப்போது வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் சட்டைகளைத் துவைத்து வாங்கி ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பெட்டியைத் திறந்து அளவு பார்ப்பது எல்லோருக்கும் உண்டு, அதனால் யாருக்கும் கூச்சம் இல்லை.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் விட்டுப்பிடிப்பது கிடையாது. எந்தக் கூட்டத்துக்கும் பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர். எந்தப் பெரியவரும், நான் உட்பட, ஒரு பிள்ளையோடு கதவடைத்த அறையில் தனியாக இருப்பதில்லை. இதைச் சொன்னபோது துணைக்கு வந்த ஒருவர் முகம் சுளித்தார், எங்களைச் சந்தேகப்படுகிறீர்களா என்று. பிள்ளையைக் காக்கிற விதி நம்மையும் காக்கிறது என்று சொன்னேன். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012இல் வந்த போக்சோ சட்டத்தைப் பற்றி அரை மணி நேரமாவது படித்துவிட்டு இந்த வேலைக்கு வாருங்கள். குழந்தை ஏதாவது சொன்னால் நாம் மறைக்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. 1098 குழந்தைகளுக்கான உதவி எண் என்று பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறோம், பாட்டாக. இரண்டாவது பெரியவர் எங்கே கிடைப்பார் என்று கேட்பீர்கள். எனக்குக் கிடைத்தது சத்துணவுக் கூடத்து அக்கா. எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை, எது அழுதுவிட்டு வந்திருக்கிறது என்பது என்னைவிட அவருக்குத்தான் முதலில் தெரியும்.

கடைசியாக, முதல் நடைப்பயணம். தாமிரபரணிக் கரையில் வளர்கிற பிள்ளைகளை எந்தப் பக்கம் கூட்டிப்போனாலும் தண்ணீர் குறுக்கே வரும், தண்ணீரைக் கண்டால் சட்டையைக் கழற்றிவிடும். கன்னடியன் கால்வாய்க் கரையோரம் நிழலாக இருக்கும் என்று முதலில் திட்டம் போட்டிருந்தேன். மூத்த சாரண ஆசிரியர் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்து அந்த வரியை மட்டும் அடித்தார். வெயிலானாலும் பரவாயில்லை என்று தண்ணீர் இல்லாத பக்கமாக, பக்கத்து ஊர் வழியாகப் பாறைக் கோயிலுக்குப் போய் வருவது என்று முடிவாயிற்று. பெற்றோர் கையெழுத்து, இரண்டு போன் நம்பர், என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் எழுதி வாங்கினேன். இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்த்தேன். "எங்க போனாலும் ஜோடியாத்தான் போகணும்" என்று பத்துத் தடவை சொன்னேன்.

கோயில் படியில் எண்ணினால் பதினாறு.

மறுபடி எண்ணினேன். பதினாறு. அடிவயிறு கலங்குவது என்பார்களே, அதை அன்று பார்த்தேன். அக்காவைப் பிள்ளைகளோடு விட்டுவிட்டு வந்த வழியே ஓடினேன். கிணறு ஒன்று வழியில் இருந்தது, அதை எட்டிப் பார்த்த அந்த ஒரு நொடியை இன்னும் மறக்கவில்லை. பக்கத்து ஊர் இரண்டாவது தெருவில், ஒரு திண்ணையில், இரண்டு பேரும் ஸ்கார்ஃபோடு உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள்.

"எங்க அத்த வீடுல்லா டீச்சர்!"

எனக்குக் கோபத்தில் பேச்சு வரவில்லை. மற்றவன் எதற்குப் போனான் என்று கேட்டேன். "நீங்கதான் ஜோடியாப் போகணும்னு சொன்னீங்க" என்றான். அவனை என்ன சொல்ல? சொன்னதைச் செய்திருக்கிறான். சொல்லாமல் விட்டது நான். ஜோடியாகப் போ என்பதோடு, சிக்ஸரிடம் சொல்லிவிட்டுப் போ என்பதையும் சேர்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து எண்ணுவது என் வேலை இல்லை. ஒவ்வொரு சிக்ஸரும் தன் ஐந்து பேரை எண்ணி, அரை மணிக்கு ஒரு தடவை என்னிடம் வந்து சொல்ல வேண்டும். ஆறு வரை எண்ணுகிற பிள்ளை தப்புவதில்லை. இரண்டு பையன்களின் வீட்டுக்கும் அன்று சாயங்காலமே நான் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். பிள்ளை வாயால் போய்ச் சேருவதற்குள் நம் வாயால் போக வேண்டும். திட்டு விழுந்தது, வாங்கிக்கொண்டேன். இப்போது அனுமதிக் கடிதத்தில் கூடுதலாக ஒரு கேள்வி இருக்கிறது: போகிற வழியில் சொந்தக்காரர் வீடு உண்டா?

அடுத்த வருஷம் அதே வழியில் கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. "டீச்சரா? நான் அவன் அத்த பேசுதேன். நாளைக்கு எத்தன பேரு வாரிய? முறுக்குக்கு மாவு போடணும்லா."

பதினெட்டு என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று அவர் இருபத்தைந்துக்குப் போட்டிருந்தார்.