‘வராது’ என்று நான் சொல்லவில்லை

தென்னையைத் தாக்கும் கேரளா வாடல் நோயைப் பற்றிக் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, நோய் உள்ள பகுதியிலிருந்து கன்று ஏற்றி வராதீர்கள் என்பதுதான். கம்பம் பள்ளத்தாக்கில் தோப்புகள் வாடுவதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் நிறைய பேர். ஒரு பெரியவரும் அப்படித்தான் வந்தார். கம்பத்தில் இருந்த சம்பந்தி தோப்பில் ஓலையின் ஈர்க்கெல்லாம் விலா எலும்பு மாதிரி உள்பக்கமாக வளைந்து கிடந்ததைப் பார்த்திருந்தார். சொன்னதைக் கேட்டுக்கொண்டு போனார்.

அடுத்த முறை வந்தபோது, நோயைத் தாங்குகிற ரகம் எது என்று கேட்டார். எனக்குப் பிடித்த கேள்வி. கல்பஸ்ரீ, கல்பரக்ஷா, அப்புறம் பச்சைக் குட்டை ரகத்தையும் மேற்குக் கடற்கரை நெட்டை ரகத்தையும் சேர்த்த கல்ப சங்கரா என்று வரிசையாகச் சொன்னேன். கல்பஸ்ரீ சாவக்காட்டுப் பச்சைக் குட்டையிலிருந்து வந்தது என்றேன். சுற்றிலும் வாடிய மரங்கள் நிற்க, நடுவில் பல வருடமாக வாடாமல் காய்க்கிற மரத்தைத்தான் தாய்மரமாக எடுப்பார்கள் என்பதையும் விளக்கினேன். கேரளத்துக் காயங்குளத்தில் இந்த நோய்க்கென்றே ஆராய்ச்சி நடக்கிறது என்று பெருமையாகவே சொன்னேன்.

அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளி ஓரமாகப் போட்டார். சுண்ணாம்பு தடவினார். மடித்தார், வாயில் போடவில்லை.

“ஏந்தம்பி, சீக்கு உள்ள ஊர்ல கன்னு எடுக்காதன்னு சொன்னீக. இப்ப சீக்கு உள்ள ஊர்ல நின்ன மரத்துக் கன்னுதான் தாங்கும்னு சொல்றீக. நான் எதைக் கேக்குறது?”

“ரெண்டும் சரிதாங்கய்யா” என்றேன்.

“அப்ப அந்தக் கன்னு வச்சா சீக்கு வரவே வராதுல்ல?”

“வராதுன்னு சொல்ல மாட்டேன். வர்றது குறைவு. வந்தாலும் ஓரளவு தாங்கி நிக்கும்.”

“சரி தம்பி” என்று எழுந்து போய்விட்டார். பிறகு கேள்விப்பட்டேன், தன் தோப்பில் கிணற்று மேட்டில் நிற்கும் பழைய நெட்டை மரத்தின் நெற்றையே விதைக்குப் போட்டுவிட்டாராம்.

இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை என்று இன்றும் நான் வாதாடுவேன். நோயே இல்லாத தோப்பில் எல்லா மரமும் எதிர்ப்புத்திறன் உள்ள மரம்தான். சோதனை நடக்கிற இடத்தில்தான் எது தாங்குகிறது என்று தெரியும். ஊர் பேர் தெரியாமல் லாரியில் ஏறி வரும் கன்றும், தாய்மரத்தை ஆய்வகத்தில் சோதித்து எடுத்த கன்றும் ஒன்றல்ல. கிணற்று மேட்டு மரத்துக்கு அந்தச் சோதனை இன்னும் வரவில்லை. போதாததற்கு நெட்டையில் பெரும்பாலும் அயல் மகரந்தச் சேர்க்கை. தாயின் குணம் அப்படியே கன்றுக்கு வரும் என்று நம்ப முடியாது. குட்டை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிப்பதால் குணம் அதிகம் சிதறாது. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்து கேட்டிருப்பாரா, தெரியாது.

ஆனால் ‘வராது’ என்று எப்படிச் சொல்வது? நோய்க்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா. செல்சுவரே இல்லாத பாக்டீரியா, மரத்தின் உணவுச் சாறு ஓடும் குழாய்களில் குடியிருக்கும். கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் சாறு உறிஞ்சும்போது மரத்துக்கு மரம் கொண்டு போகும். மருந்தடித்து ஒழித்துவிட முடியாது. 1882 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் தெரிந்த நோய், இவ்வளவு காலம் கழித்தும் நம்மோடுதான் இருக்கிறது. எதிர்ப்பு ரகம் என்பதும் சாசனம் இல்லை. ஜமைக்காவில் வேறொரு பைட்டோபிளாஸ்மா நோய் தென்னைகளைக் கொன்றபோது மலாயாக் குட்டையையும் அதைச் சேர்த்து உருவாக்கிய மேபான் என்ற கலப்பின ரகத்தையும் நம்பி நட்டார்கள். பல வருடம் நின்றன. பிறகு அவையும் பெருமளவில் பட்டுப்போயின. இது தெரிந்த பிறகு எப்படி வாய் வரும்?

இப்படியே யோசித்தால் அவர் செய்ததும் அவ்வளவு தப்பில்லை என்று படுகிறது. கொப்பரைக்குக் காய் போடுகிறவருக்குக் குட்டையின் சின்னக் காய் எதற்கு? வாடல் நோய் மரத்தை உடனே கொல்வதும் இல்லை, காய்ப்பைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். தொழு உரம், பசுந்தாள் உரம், மக்னீசியம் சல்பேட் என்று கவனித்தால் இன்னும் பல வருடம் தள்ளலாம். வராத நோய்க்குப் பயந்து, தெரிந்த மரத்தை விட்டுவிட்டுத் தெரியாததை வைக்கச் சொல்கிறேனோ? ஆனால் தென்னை இன்று வைத்து நாளை மாற்றுகிற பயிரா? நெட்டை அறுபது வருடம் நிற்கும். அந்த அறுபது வருடமும் கம்பத்து நோய் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டாது என்று நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. கல்ப சங்கராவை அவர் காதில் சரியாகப் போட்டிருந்தால் இடைவழி ஒன்று இருந்தது. குட்டை என்ற சொல் விழுந்ததுமே அவர் முகம் மாறிவிட்டதோ என்னவோ.

கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைஞ்சிருந்தா, அம்பது கன்னு எடுத்திருப்பாருய்யா” என்றார். அவர் அப்படித்தான் சொல்வார், அவரிடம் வாங்கிப் போகிறவர்களும் அதிகம். எனக்கு அது பிடிக்காது. ஆனால் அவரிடம் வாங்கிப் போனவர்கள் தோப்பில் எதிர்ப்பு ரகம் நிற்கிறது, என்னிடம் உண்மையைக் கேட்டுப் போனவர் தோப்பில் ஒன்றுகூட இல்லை.